வேறு பரிகாரம்

சத்தியநேசன் பட்டணத்துச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தது 1919இல். திருவல்லிக்கேணியில் நாலு பேராக ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். சாயங்காலம் கடற்கரை மணலில் போய் உட்கார்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் பள்ளிக்கூடத்தில் வந்துதான் நிற்கும். வக்கீலாகப் போகிறவன் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் எடுத்திருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஓயாத வழக்கு. தஞ்சாவூர்க்காரன் சமஸ்கிருதம் என்பான். கோயமுத்தூர்க்காரன் சயன்ஸ் என்பான். சத்தியநேசன் முறை வரும்போது, "சரித்திரமும் அல்ஜீப்ராவும்" என்று சொல்லிவிட்டுத் தானாகச் சிரித்துக்கொள்வான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று மற்றவர்களுக்குப் புரியாது. அந்த இரண்டு பாடங்களுக்கும் பின்னால் எட்டணா ஸ்டாம்பு ஒட்டிய மனு ஒன்று இருக்கிறது, அதில் தன்னைப் பெற்ற அம்மாதான் எதிர்மனுதாரர் என்று சொன்னால் எவன் நம்புவான்?

சிரிப்பு அடங்கினதும் அப்பாவின் ஞாபகம் வரும். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அவன் அப்பா அப்பாத்துரை பாளையங்கோட்டையில் முன்சீப் கோர்ட்டு டவாலி. வெள்ளைக் கோட்டு, அதன்மேல் குறுக்கே சிவப்புப் பட்டை, பட்டையில் பளபளவென்று துலக்கிய பித்தளை வில்லை. கட்சிக்காரர்களின் பெயரை மூன்று தரம் கூப்பிடுவது அவருடைய உத்தியோகம். அவர் கூப்பிட்டால் ஆற்றில் குளித்துக்கொண்டிருப்பவன் தலை துவட்டாமல் ஓடி வருவான் என்று ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். ஆனால் கோர்ட்டு வாசலுக்கு எதிரே மருதமரத்தடியில் தூங்குகிற வண்டிக்காரர்கள் எல்லாரும் அவர் குரலுக்கு எழுந்து உட்கார்ந்ததைச் சத்தியநேசனே கண்ணால் பார்த்திருக்கிறான்.

இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டில் நின்ற மனுஷர். நின்று நின்று சட்டமெல்லாம் காது வழியாக உள்ளே இறங்கிவிட்டது என்பது அவருடைய நம்பிக்கை. அவர் குடியிருந்த முருகன்குறிச்சித் தெருவுக்கு அதைவிட நம்பிக்கை. சுவர்த் தகராறு, வேலித் தகராறு, அண்ணன் தம்பி பாகம் எதுவானாலும் ஜனங்கள் முதலில் வருவது அவரிடம்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை விட்டதும் வாசலில் அவரைச் சுற்றி நாலைந்து பேர் நிற்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்பார். பிறகு, "இது நிக்காது வே. காலாவதி ஆயிப்போச்சு" என்றோ, "தைரியமாப் போடும், டிக்கிரி ஆவும்" என்றோ ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார். அவர் சொன்னது சரியா தப்பா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கேட்டவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். அது பாதி வக்கீல்களால் ஆகாத காரியம்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது, கோர்ட்டு உண்டு. அம்மா சாரம்மாள் தூக்குச்சட்டியில் சோறு கட்டிக் கொடுப்பாள். சத்தியநேசன் அதை எடுத்துக்கொண்டு மருதமர நிழலிலேயே நடந்து போவான். கோர்ட்டுக்குப் பின்புறம் கிணற்றடியில் அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மீன் துண்டில் பெரிய பாதியை அவர் எப்போதும் இவன் பக்கம் தள்ளிவிடுவார். "தின்னுலே, முள்ளப் பாத்துத் தின்னு" என்பார். சாப்பாடு முடிந்ததும் ஜன்னலோரம் அவனை நிற்கவைத்துவிட்டு உள்ளே போவார். சாயங்காலம் வரை அவன் வழக்குக் கேட்பான். பிறகு எத்தனையோ இடத்தில் எத்தனையோ விதமாகச் சாப்பிட்டான், எத்தனையோ பெரிய கோர்ட்டுகளைப் பார்த்தான். அந்தச் சனிக்கிழமைகளின் சந்தோஷம் அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அந்த ஜன்னலில்தான் அவனுக்கு வக்கீல் ஆசை பிடித்தது. வேறு ஆசையே அவனுக்கு இருந்ததில்லை. மற்றப் பையன்கள் பந்து விளையாடும்போது இவன் ஆற்று மணலில் இரண்டு கல்லை நட்டுவைத்து, ஒன்று வாதி, ஒன்று பிரதிவாதி என்று இரண்டு பக்கமும் தானே பேசிக்கொண்டிருப்பான்.

அவன் நாலாம் பாரத்துக்கு வந்தது 1912இல். மெட்ரிகுலேஷன் போய் எஸ்.எஸ்.எல்.சி. வந்த புதிது. பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். எல்லாரும் படிக்கிற பாடங்கள் போக, தானாகத் தேர்ந்துகொள்ள இரண்டு பாடங்கள் உண்டு. அவற்றின் பெயரை எழுதி, தகப்பனார் கையெழுத்து வாங்கி வர வேண்டும். சரித்திரம் உண்டு, அல்ஜீப்ரா உண்டு, சயன்ஸ் உண்டு. கணக்குப் பதிவும் வியாபாரக் கடிதமும் என்று ஒரு ஜோடியும் உண்டு. அந்த ஜோடியை எடுத்தவனுக்குப் பள்ளிக்கூடம் முடிந்த கையோடு கடையிலோ ஆலையிலோ வேலை கிடைக்கும். ஆனால் காலேஜுக்குப் போக முடியாது. காலேஜ் இல்லையென்றால் பி.ஏ. இல்லை. பி.ஏ. இல்லையென்றால் பி.எல். இல்லை. பதினாலு வயசில் அட்டையில் எழுதுகிற இரண்டு வார்த்தை, ஒருவன் ஆயுசுக்கும் கறுப்புக் கோட்டுப் போடுவானா மாட்டானா என்று தீர்த்துவிடும். ஒரு தரம் எழுதினால் பிறகு மாற்றவும் வழியில்லை.

அப்பாத்துரை அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வக்கீல்களைச் சுற்றினார். ஒருவர், "சட்டமெல்லாம் சீமையிலேருந்து வந்தது, சரித்திரம் தெரியாம என்ன தெரியும்?" என்றார். இன்னொருவர், "அல்ஜீப்ரா படிச்சவனைக் குறுக்கு விசாரணையில் ஒருத்தனும் ஏமாற்ற முடியாது" என்றார். மூன்றாமவர் கழுத்துப் பட்டையைச் சரி செய்துகொண்டே, "எதைப் படிச்சா என்ன, தொண்டை வேணும்" என்றார்.

"தொண்டை நம்ம குடும்பத்துல இருக்கு" என்று வீட்டில் வந்து சொன்னார் அப்பாத்துரை. "மத்த ரெண்டு பேரும் சொன்னதை ராஜி பண்ணிட்டேன். சரித்திரம் ஒண்ணு, அல்ஜீப்ரா ஒண்ணு. என்னலே சொல்லுத?"

"சரிப்பா" என்றான் சத்தியநேசன். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

சாரம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. அவளுக்கு மகன் வாத்தியாராக வேண்டும். "உண்மையப் பொய்யாக்குத பிழைப்பு நமக்கு எதுக்கு? மூணு வேளையும் ஜெபம் பண்ணுத வீடு இது" என்றாள். மனைவி பேசும்போது சும்மா இருப்பதுதான் நல்லது என்பது அப்பாத்துரை கோர்ட்டுக்கு வெளியே கற்ற சட்டம்.

அட்டையில் இரண்டு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அப்பாத்துரை கோர்ட்டுக்காரர். ஸ்டாம்பு ஒட்டாத காகிதத்தை நம்பி நிலத்தை விட்டவர்கள், வீட்டை விட்டவர்கள் என்று இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்தவர். மகனுடைய எதிர்காலத்தை வெறும் அட்டையில் எழுதிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு, கோர்ட்டு வாசலில் மரத்தடியில் மனு எழுதும் ஐயம்பெருமாள் பிள்ளையிடம் போனார்.

"அண்ணாச்சி, ஒரு மனு எழுதணும்."

"யாரு மேல வே?" என்றார் பிள்ளை.

"யாரு மேலயும் இல்ல. பயலுக்குப் பாடம் கேட்டு. ஹெட்மாஸ்டர் சமூகத்துக்கு."

பிள்ளை அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ரெண்டு பேரை எழுதிக் குடுத்தாப் போதும்னுல்லா போட்டிருக்கு?"

"இது நிக்குமா அண்ணாச்சி? நாளைக்கி நான் இப்படிக் கேக்கவே இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா எதைக் காட்டுவேன்?"

பிள்ளைக்கு அது நியாயமாகப் பட்டது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். கனம் பொருந்திய என்று தொடங்கி நாலு வரி வந்ததும் பேனா நின்றது.

"எதிர்மனுதாரர் யாரு?"

"எதிராளி யாருமே இல்ல அண்ணாச்சி."

"எதிராளி இல்லாம மனு கிடையாது வே. முப்பது வருசமா எழுதுதேன். இந்தப் பாடம் வேண்டாம்னு சொல்லுத ஆளு ஒருத்தர் கூடவா இல்ல?"

அப்பாத்துரை யோசித்தார். "வீட்டுல ஒருத்தி சொல்லுதா."

"பேரு?"

"சாரம்மாள்."

பிள்ளை எழுதினார். மகன் இன்னான், வயது இன்னது, சரித்திரமும் அல்ஜீப்ராவும் படித்துப் பிற்காலத்தில் பி.எல். பரீட்சைக்குப் போக உத்தேசம், மேற்படி எதிர்மனுதாரரின் ஆட்சேபணை தக்க காரணம் இல்லாதது என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் வழக்கமான வரி வந்தது. "மேற்கண்டபடி உத்தரவாகவோ, அல்லது தங்களுக்கு நியாயமென்று தோன்றும் வேறு பரிகாரம் அளிக்கவோ பிரார்த்திக்கிறேன்." எல்லா மனுவும் அப்படித்தான் முடியும். சாப்பாடு முடிந்தால் கை கழுவுகிற மாதிரி அது. பிள்ளை யோசிக்காமல் எழுதினார், அப்பாத்துரை யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நின்ற சத்தியநேசனும் வாசித்தான். அவன் கண்ணுக்கும் ஒன்றும் படவில்லை. எட்டணா ஸ்டாம்பு ஒட்டி, அட்டையை மனுவோடு நூல் கோத்துக் கட்டினார்கள்.

வீட்டில் அது சாரம்மாள் கையில் சிக்கியது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், எழுத்துக் கூட்டாமல் வாசிப்பாள்.

"ஏங்க, எம் பேரு எதுக்கு இதுல இருக்கு?"

"அது சும்மா, ஒரு முறைக்குப் போட்டது."

"திருநெல்வேலிச் சீமையிலயே கட்டுன பொண்டாட்டி மேல கேசு போட்டு, பள்ளிக்கூடத்துக்குக் குடுத்து விடுத ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள் அவள். மூன்று நாள் குழம்பில் உப்பு இல்லை. அப்பாத்துரை கேட்டதற்கு, "எதிர்மனுதாரர் கையால வாங்கித் தின்னா அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. மூன்றாம் நாள் அவளே சிரித்துவிட்டாள். அப்பாத்துரையும் சிரித்தார். அவர் வாய் விட்டுச் சிரித்தால் அடுப்பங்கரைப் பாத்திரம் அதிரும். அந்த வீட்டில் அப்படிச் சிரித்ததை நினைத்தால் இப்போதும் சத்தியநேசனுக்கு ஊருக்கு ஓடிவிடலாம் போலிருக்கும்.

மறுவாரம் திங்கட்கிழமை பள்ளிக்கூடப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். சரித்திரத்தின் கீழே அவன் பெயர் இல்லை. அல்ஜீப்ராவிலும் இல்லை. கணக்குப் பதிவில் ஏழாவது பெயராக இருந்தது. மனுவும் திரும்பி வந்தது. ஹெட்மாஸ்டர் தேவசிகாமணி சிவப்பு மையில் அழகாக எழுதியிருந்தார். "மனு பார்வையிடப்பட்டது. மனுதாரர் பிரார்த்தித்தபடி, நியாயமென்று தோன்றிய வேறு பரிகாரம் அளிக்கப்படுகிறது. பையன் கணக்குப் பதிவும் வியாபாரக் கடிதமும் படிக்கவும்."

சத்தியநேசன் மத்தியானமே கோர்ட்டுக்கு ஓடினான். அப்பாத்துரை கிணற்றடியில் நின்றபடி அதை இரண்டு தரம் வாசித்தார். முகம் சிறுத்துப் போயிற்று. "பைய இருலே. நாளைக்கு நான் வாரேன்" என்று மட்டும் சொன்னார். முன்சீப்பிடம் அரை நாள் அனுமதி கேட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் வெள்ளைக் கோட்டும் சிவப்புப் பட்டையுமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வில்லையை அன்று இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் துலக்கியிருந்தார்.

ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை. கண்டிப்பானவர், ஏழைப் பிள்ளைகளின் மேல் அக்கறை உள்ளவர். அவர் மேஜைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடக் குமாஸ்தா கிருபைராஜ் ரிஜிஸ்தரோடு உட்கார்ந்திருந்தார். கிருபைராஜுக்கும் முருகன்குறிச்சித் தெருதான். போன மாதம்தான் பக்கத்து வீட்டுச் சுவர் விஷயமாக அப்பாத்துரையிடம் யோசனை கேட்டுக்கொண்டு போனவர்.

"உட்காரும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

அப்பாத்துரை உட்காரவில்லை. கோர்ட்டில் நிற்கிற மாதிரி நேராக நின்றார்.

"அப்பாத்துரை, நான் உம்ம பையனுக்குக் கெடுதல் செய்யவில்லை. பி.எல். வரைக்கும் ஒன்பது வருஷம். ஒரு டவாலி அதைத் தாங்க முடியுமா? பாதியில் நின்றால் பையன் எதற்கும் ஆகாமல் போவான். கணக்குப் பதிவு படித்தால் மூன்றே வருஷத்தில் தூத்துக்குடியில் நாற்காலி போட்டு உட்காருவான். உமக்கும் நிம்மதி. நீரே என்னிடம் விட்டிருக்கிறீர், எனக்கு நியாயமாய்த் தோன்றியதைச் செய்தேன். இது உம்ம கையெழுத்துதானே?"

"ஆமா ஐயா."

"கோர்ட்டுக்காரர் நீர். எழுதினதற்கு என்ன அர்த்தம் என்று உமக்குத் தெரியாதா?"

அப்பாத்துரை வாயைத் திறந்தார். மருதமரத்தடி வண்டிக்காரர்களை எல்லாம் எழுப்புகிற குரல், அந்தச் சின்ன அறையில் எழும்பவில்லை. கதவோரம் நின்ற சத்தியநேசன் அதைப் பார்த்தான். இவ்வளவுதானா, எல்லாம் போயிற்றா என்று நினைத்தான். நினைத்த அதே நேரத்தில், இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் ஜன்னலோரம் கேட்ட வழக்கு ஒன்று அவன் ஞாபகத்தில் வந்து நின்றது.

"சார், நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றான்.

ஹெட்மாஸ்டர் புருவத்தை உயர்த்தினார். "சொல்லு."

"ஏரல்காரங்க வாழைத்தோட்டக் கேசு ஒண்ணு நடந்துச்சு சார். வாதி வாய்க்கால்ல தன் முறைத் தண்ணி கேட்டாரு. கடைசியில இதே வரியும் இருந்துச்சு. எதிர்க்கட்சி வக்கீல், வேற பரிகாரம்னு அவரே கேட்டிருக்காரு, அதனால வாய்க்காலையே அடைச்சி உத்தரவு போடலாம்னு சொன்னாரு. அப்போ வாதி வக்கீல் ஹரிஹரசுப்பிரமணிய ஐயர் எந்திரிச்சு, 'பசிக்கிறதுன்னு வாசல்ல வந்து நின்னவன், சோறு போடுங்கோ, இல்லாட்டா உங்களுக்குத் தோணினதைக் கொடுங்கோன்னா, மோர் கொடுக்கலாம், பழையது கொடுக்கலாம். அடி கொடுக்கப்படாது'ன்னாரு. முன்சீப் ஒத்துக்கிட்டாங்க."

கிருபைராஜ் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஹெட்மாஸ்டரின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"கணக்குப் பதிவு அடியா?"

"எனக்கு அடிதான் சார். நாங்க கேட்டது காலேஜுக்குப் போற வழி. அந்த வழியை அடைக்குதது வேற பரிகாரம் ஆகாது சார். சரித்திரம் இல்லன்னா சயன்ஸ் குடுத்திருக்கலாம். அது மோர்."

ஹெட்மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நல்லாத்தான் பேசுகிறாய். ஆனால் ஒன்று. தெரியாதவன் எழுதியிருந்தால் நீ சொல்வது சரி. உன் அப்பா இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டில் இருந்தவர். இந்த ஊரே அவரிடம் சட்டம் கேட்கிறது. அர்த்தம் தெரிந்துதான் முடிவை எனக்கு விட்டிருப்பார் என்று நான் எடுத்துக்கொள்ளக் கூடாதா?"

சத்தியநேசன் அந்தக் கேள்வியைப் பிறகு ஆயிரம் தரம் நினைத்துப் பார்த்திருக்கிறான். அதற்கு வேறு பதில் இருந்திருக்கலாம். கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் ஜெயிக்கப் போகிறோம் என்று தெரிந்துவிட்ட பிறகு யார் நிற்கிறார்கள்?

"தெரியாது சார்" என்றான். "எங்க அப்பாவுக்கு அர்த்தம் தெரியாது. அவங்க வேலை பேரு கூப்பிடுதது. சட்டம் ஒண்ணும் தெரியாது. காதுல விழுந்ததைத் திருப்பிச் சொல்லுவாங்க, அவ்வளவுதான். எழுதினவருக்கும் தெரியாது. எல்லா மனுவுலயும் இருக்கு, அதனால இதுலயும் இருக்கு."

சொல்லும்போது இனித்தது. அதுதான் அவனால் தன்னை மன்னிக்க முடியாத இடம். வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக, கூப்பிட்டதும் ஆஜராகிற சாட்சிகளைப் போல வந்து நின்றன. அவன் அப்பா பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஹெட்மாஸ்டர்தான் பார்த்தார். "அப்படியா, அப்பாத்துரை?"

கிருபைராஜ் ரிஜிஸ்தரில் குனிந்துகொண்டார்.

அப்பாத்துரை எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆமா ஐயா" என்றார். "எனக்குத் தெரியாது."

ஹெட்மாஸ்டர் சிவப்பு மையில் எழுதியதைக் கறுப்பு மையால் அடித்தார். அடியில் சரித்திரம், அல்ஜீப்ரா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "போகட்டும். இவனைக் கணக்கு எழுத உட்காரவைத்தால் முதலாளிக்குத்தான் ஆபத்து. உபகாரச் சம்பளத்துக்கு நான் எழுதுகிறேன். படிக்கட்டும்" என்றார். அவர் சொன்ன சொல்லை மீறவில்லை. கடைசி வரை அந்தச் சம்பளம் வந்தது.

அன்று பள்ளிக்கூடத்தில் அரை நேரம் விடுமுறை கேட்டுக்கொண்டு சத்தியநேசன் அப்பாவோடு வீட்டுக்குக் கிளம்பினான். அம்மாவிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் துடித்தது. கால் தரையில் பாவவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அப்பா பக்கத்தில் இல்லை என்று தெரிந்தது. திரும்பினான். இரண்டு எட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்தார். வயசாகிறது, மெதுவாக நடக்கிறார் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தான். அவரும் குறைத்தார். அவன் நின்றான். அவரும் நின்றார். முன்சீப்புக்கு வழி விலக்க முன்னால் நடப்பார், வக்கீல்களுக்குப் புத்தகக்கட்டைத் தூக்கும்போது இரண்டு எட்டுப் பின்னால் நடப்பார். அந்தத் தூரம் அவர் காலுக்குப் பழகியது.

மருதமர வரிசை முடிகிற இடத்தில் காய்கறிக் கூடையோடு இன்பமணி எதிரே வந்தாள். அவர்கள் தெருக்காரிதான். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அண்ணாச்சி, நல்ல நேரத்துல பாத்தேன். கொழுந்தன் வேலியத் தள்ளி நட்டுட்டான். ஒரு சட்டம் சொல்லுங்க" என்றாள்.

அப்பாத்துரை கண்ணை மூடவில்லை. "எனக்கு என்னம்மா தெரியும்? வக்கீல் யாரையாவது பாரு" என்றார்.

இன்பமணி சிரித்தாள், அவர் ஏதோ கேலி பேசுகிறார் என்று நினைத்து. அவர் தாண்டிப் போய்விட்டார். சத்தியநேசனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயில் இருந்த இனிப்பெல்லாம் கசந்தது. "அப்பா, நான் சும்மா அவரு மனசு மாறணும்னுதான்..." என்று ஆரம்பித்தான். "சரியாத்தான் சொன்ன" என்றார் அவர். அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் காலில் விழுந்திருப்பான்.

வீட்டு வாசலில் சாரம்மாள் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு வாத்தியார் ஆசை இருந்தாலும் மகன் அழுதுகொண்டு வருவதில் ஆசை இல்லை.

"ஏலே சத்தி, என்னலே ஆச்சு?"

அப்பாத்துரை பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார். "ஏட்டி, இனிமே அவங்கள ஏலே போட்டுக் கூப்பிடாத."

"அவங்களா? யாரு?"

"உம் மகனைத்தான் சொல்லுதேன். கேசு ஜெயிச்சிட்டு வந்திருக்காங்க. எலையப் போடு."

சாரம்மாள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அப்பாத்துரை பாயை விரித்தார். எப்போதும் தான் உட்காருகிற சுவரோரத்தை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

"உக்காருங்க தம்பி" என்றார். "நீங்க சாப்பிடுங்க. நான் பொறவு சாப்பிடுதேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சத்தியநேசன் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் விளையாடவில்லை.